விளைநிலத்திற்கு எதிரே: கவிஞர் இராகேல்

உழவைப் பாடிய புலவர் பலர். உழுது பாடியவர் மிகச் சிலர். உழுதுண்டு வாழ்வதற்கென்றே கூடிய ஒரு கூட்டத்தில் தாமே விரும்பிச் சேர்ந்து, மண்வெட்டி பிடித்து, பின்னர் அக்கூட்டத்தாலேயே வெளியே அனுப்பப்பட்டு, எஞ்சிய வாழ்நாள் முழுவதும் அந்த நிலத்தையே நினைந்து பாடியவர் எபிரேயக் கவிஞர் இராகேல். முழுப்பெயர் இராகேல் புளூவ்ஸ்டீன். ஆயினும் தம் கவிதைகளின் கீழ் இராகேல் என்னும் பெயரை மட்டுமே இட்டார். எபிரேய மொழி பேசுவோர் இன்றும் அவரை அப்பெயராலேயே அறிவர். அவர் வாழ்ந்தது நாற்பது ஆண்டுகள். எழுதியவை அளவில் சிறிய மூன்று கவிதை நூல்களும் சில கட்டுரைகளும் மொழிபெயர்ப்புகளும். மண்ணில் கைவைத்து உழைத்த காலமோ ஐந்தாண்டுகளுக்கு உட்பட்டதே. அந்தச் சில ஆண்டுகளே அவருடைய கவிதைக்கு முதலும் கருவும் உரியும் ஆயின.

இரஷ்யப் பேரரசில் 1890ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் இராகேல் பிறந்தார். தந்தையார் சிறுவராக இருந்தபோதே சார் மன்னனின் படைக்குப் பிடித்துச் செல்லப்பட்டு, நெடுங்காலம் படைப்பணி செய்தும் தம் யூத நெறியைக் கைவிடாதவர். பின்னாளில் வாணிகத்தால் செல்வரானார். பிள்ளைகள் நிறைந்த அந்த வீடு பொல்தாவா நகரில் இருந்தது. நூல்களுக்கும் இசைக்கும் அங்குக் குறைவில்லை. இராகேல் இளமையிலேயே இரஷ்ய மொழியில் கவிதை எழுதத் தொடங்கினார். கீவ் நகரில் ஓவியமும் பயின்றார். பதினாறாம் வயதில் தாயை இழந்தார். அவருடைய நுரையீரல் அப்போதே நலிவுற்றிருந்தது. பின்னர் வந்த துன்பத்தை அறிந்தவர்க்கு இச்சிறு செய்தி பெரிதாகத் தோன்றும்.

1909ஆம் ஆண்டில், பத்தொன்பது வயதில், தமக்கை சோஷனாவுடன் இத்தாலிக்குப் புறப்பட்டார். அங்கு ஓவியமும் மெய்யியலும் கற்பது நோக்கம். வழியில், துருக்கியரின் உதுமானியப் பேரரசுக்கு உட்பட்டிருந்த பாலஸ்தீனத்தைப் பார்த்துவிட்டுச் செல்லலாம் என இறங்கினர். இறங்கியவர் மீளவில்லை. இத்தாலி மறந்தே போயிற்று. ரெஹோவோத் என்னும் குடியேற்றத்தில், பழத்தோட்டங்களில் வேலைக்குச் சேர்ந்தார்கள். எபிரேயம் கற்க அவர்கள் தேர்ந்த வழி வியப்புக்குரியது. குழந்தைகள் பள்ளியில் போய் அமர்ந்து, குழந்தைகள் பேசுவதைக் கேட்டு மொழியைப் பிடித்தார்கள். தாய்மொழியான இரஷ்யத்தைத் தங்களுக்குள் பேசிக்கொள்ள நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டுமே ஒதுக்கிக்கொண்டனர் என்பர். வேதநூலில் உறைந்து கிடந்த ஒரு மொழியை விளையாடும் பிள்ளைகளின் வாயிலிருந்து கற்றவர் என்பதால், அவருடைய கவிதை பேச்சின் எளிமையை என்றும் இழக்கவில்லை.

அந்நாளில் அங்குக் குடியேறிய யூத இளைஞர்களின் பிழைப்பு எத்தகையது என்பதை ஈண்டு அறிதல் வேண்டும். முன்னரே வந்து நிலைபெற்ற குடியேற்றங்களில் நிலவுடைமையாளர்கள் இருந்தனர். தோட்டங்களில் நாட்கூலிக்கு ஆள் வைத்தனர். ஊரும் வீடும் உடைய அராபிய உழவர்கள் குறைந்த கூலிக்கு வந்தார்கள்; வேலையிலும் தேர்ந்தவர்கள். கைப்பழக்கம் இல்லாத இரஷ்ய இளைஞர்களால் அவர்களுடன் போட்டியிட இயலவில்லை. கூலியாளாக இருந்தால் பசி. நிலவுடைமையாளராக மாறினால் பிறர் உழைப்பில் உண்ணும் இழிவு. இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது வழி ஒன்றைத் தேடியதன் விளைவே கூட்டுப் பண்ணை.

கலிலேயாக் கடல் என விவிலியம் கூறும் கின்னெரெத் ஏரியின் கரையில் 1908ஆம் ஆண்டில் பயிற்சிப் பண்ணை ஒன்று அமைந்தது. அங்கு மேற்பார்வையாளர் ஒருவர், கீழே வேலையாட்கள். மேற்பார்வையாளருக்கும் வேலை செய்தோருக்கும் பூசல் மூண்டது. எங்களிடம் ஒரு பகுதி நிலத்தைக் கொடுங்கள், மேலாள் வேண்டா, நாங்களே பயிர்செய்து கணக்குக் காட்டுகிறோம் என்று இளைஞர்கள் கேட்டனர். யோர்தான் ஆறு ஏரியைவிட்டு வெளியேறும் இடத்தருகே உம் ஜூனி என்னும் நிலப்பகுதியில் ஒரு சிறு குழுவுக்கு ஓராண்டுச் சோதனையாக அந்த உரிமை தரப்பட்டது. 1910ஆம் ஆண்டு அக்டோபரில் பத்து ஆண்களும் இரண்டு பெண்களும் கொண்ட மற்றொரு குழு அங்கு வந்து நிலைத்தது. தங்கள் குடியிருப்புக்குத் தெகானியா என்று பெயரிட்டனர். தானியத்தைக் குறிக்கும் எபிரேயச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. கிப்புட்ஸ் எனப் பின்னாளில் உலகறிந்த கூட்டுக் குடியிருப்புகளுக்கெல்லாம் தாய் இதுவே. நிலம் பொது, ஏரும் மாடும் பொது, உலையும் பொது. கூலியாள் கிடையாது. அவரவர் உழைப்பே அனைவர்க்கும் உணவு.

மானாவாரிக் கோதுமையும் வாற்கோதுமையுமே முதல் விளைச்சல். மழை பெய்வது குளிர்காலத்தில்; கோடையிலோ நிலம் வெடித்துக் கிடக்கும். கடல் மட்டத்திற்குச் சற்றேறக்குறைய 200 மீட்டர் தாழ்வான பள்ளத்தாக்கு அது; கோடை வெப்பம் கொடியது. சதுப்பிலிருந்து எழும் கொசுக்களால் மலேரியாக் காய்ச்சல் ஆண்டுதோறும் வந்தது.

கூலியாளும் முதலாளியும் இல்லாத அச்சமநிலையில், தொடக்கத்திலேயே ஒரு விரிசல் இருந்தது. தானியப் பயிரில் ஏர் பிடிப்பது ஆண்கள். பெண்களுக்குக் கிடைத்தது அடுக்களையும் துணி வெளுத்தலும். வயலில் விளைந்தது வருவாயாகக் கணக்கேறியது. அடுக்களையில் வெந்தது ஏறவில்லை. எனவே கூட்டத்தில் பெண் சமமாக எண்ணப்பட வேண்டுமாயின், வேளாண்மையே மாறவேண்டும் என்றொருவர் கண்டார். அவர் ஹன்னா மைசெல் என்னும் வேளாண் அறிஞர்; ஐரோப்பாவில் உயர்கல்வி முடித்து, 1909இல் வந்தவர். காய்கறித் தோட்டம், பால்மாடு, கோழி, மரக்கன்று நாற்றங்கால் ஆகியவற்றைப் பெண்கள் முறையாகக் கற்றால், அவர்களும் வருவாய் தரும் உழைப்பாளராவர். தானியம் ஒன்றையே நம்பிய பண்ணையும் பல பயிர்களால் உறுதி பெறும் என்பது அவர் கொள்கை. 1911இல் கின்னெரெத் கரையில் பெண்களுக்கான வேளாண் பயிற்சிப் பண்ணையைத் தொடங்கினார். அதில் சேர்ந்த முதல் மாணவி இராகேல்.

அங்குக் கழிந்த இரண்டாண்டுகளைத் தம் வாழ்வின் பொற்காலமாக இராகேல் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். விடியுமுன் எழுவது, காய்கறிப் பாத்திகளைக் கொத்துவது, மாலையில் களைத்துத் திரும்புவது, அதன்பின்னும் பாடுவது, ஆடுவது என்று நாள்கள் சென்றன. ஏரி நீரை உறிஞ்சித் தேங்கிய சதுப்பில் தைலமரக் கன்றுகளை நட்டார்கள். கைகள் காய்த்தன, காய்ச்சல் வந்தது, உணவு போதவில்லை. ஆயினும் அந்நாள்களைப் பற்றி அவர் எழுதியவற்றில் துன்பத்தின் சுவடு மிகக் குறைவு. நினைவு, வெயிலை வெளிச்சமாக மட்டும் எடுத்துவைத்துக்கொண்டது போலும்.

அந்நாளில் இராகேல் தம் ஆசானாகக் கொண்டவர் ஆரோன் தாவீது கோர்டன். 1856இல் பிறந்த கோர்டன், எழுத்தராக வாழ்ந்து, நாற்பத்தெட்டாம் வயதில் இரஷ்யாவை விட்டுப் பாலஸ்தீனம் வந்து, மண்வெட்டி பிடித்த முதியவர். மனிதன் இயற்கையுடன் மீண்டும் உறவுகொள்ள உடலுழைப்பே வழி. அவ்வுழைப்பு பிழைப்புக்கு மட்டுமன்று, ஆன்மாவுக்கும் உரியது என்று அவர் போதித்தார். போதித்ததோடு நில்லாமல், இளைஞர்களுக்கு இணையாக வயலில் நின்றார். இராகேல் எபிரேயத்தில் எழுதி வெளிவந்த முதற்கவிதை, 1920இல் அச்சேறியபோது, கோர்டனுக்கே உரிமையாக்கப்பட்டிருந்தது. பின்னாளில் இஸ்ரேல் நாட்டின் மூன்றாம் குடியரசுத் தலைவரான சல்மான் சஸாரும் அந்த ஏரிக்கரையில்தான் இராகேலுக்கு அறிமுகமானார். அவர்களிடையே இருந்த அன்பைப் பற்றி நூல்கள் பல பேசும். இங்கு அது வேண்டுவதில்லை.

வேளாண்மையை அறிவியலாகக் கற்க வேண்டும் என்னும் வேட்கை இராகேலைப் பிரிய வைத்தது. 1913இல் பிரான்சு நாட்டின் துலூஸ் நகருக்குச் சென்று வேளாண்மை பயின்றார். கற்றதைக் கொண்டுவந்து கின்னெரெத் மண்ணில் இடுவதே நோக்கம். ஆனால் 1914இல் முதல் உலகப்போர் மூண்டது. இரஷ்யக் குடிமகளாகிய அவர் துருக்கியர் ஆண்ட நிலத்துக்குத் திரும்ப இயலாமற் போயிற்று. இரஷ்யா திரும்பி, போரால் வீடிழந்த யூதக் குழந்தைகளுக்குக் கற்பித்தார். பசியும் குளிரும் மிக்க அந்நாள்களில் காசநோய் அவரைப் பற்றியது.

போர் முடிந்து, 1919ஆம் ஆண்டு இறுதியில் ருஸ்லான் என்னும் கப்பல் யாப்பாத் துறைமுகத்தை அடைந்தது. அதில் வந்தோருள் இராகேலும் ஒருவர். நேரே தெகானியா சென்று கூட்டத்தில் சேர்ந்தார். ஆறாண்டுப் பிரிவுக்குப் பின் தாம் விரும்பிய நிலத்தை அடைந்தவர்க்கு உடல் உதவவில்லை. வயல் வேலை இயலாமையால் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு தரப்பட்டது. இதற்குள் நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது. காசநோய் தொற்றும், குழந்தைகளிடம் நெருங்கக் கூடாது. வயலுக்கும் ஆகாது, குழந்தைகளுக்கும் ஆகாது என்றானபோது, கூட்டம் அவரை வெளியேறுமாறு கேட்டுக்கொண்டது. தெகானியாவில் அவருடைய வாழ்வு நெடுநாள் நிலைக்கவில்லை.

இந்நிகழ்ச்சியைக் கொடுமை என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவோர் உண்டு. அது எளிது. அன்று காசநோய்க்கு மருந்தில்லை. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டதே 1943இல். ஒரே உணவுக்கூடத்தில் அனைவரும் உண்டனர். குழந்தைகள் பொதுவில் வளர்ந்தனர். மலேரியாவால் முன்னமே நலிந்த சிறு கூட்டம் அது. தாய்மார்களின் அச்சம் பொய்யன்று. எனினும், தொற்றும் அச்சமும் மட்டுமே காரணங்கள் என்று அமைதி கொள்ளவும் இயலவில்லை. உழைப்பு ஒன்றையே உறவின் அடையாளமாகக் கொண்ட கூட்டம் அது. இரத்த உறவில்லை, சொத்துரிமை இல்லை, ஒருவர்க்கு அங்குள்ள உரிமை அவர் கைகளிலிருந்தே பிறந்தது. அக்கைகள் ஓய்ந்தபின் அவர் யார்? இந்த வினாவுக்குத் தெகானியா அன்று ஆயத்தமாக இல்லை. அடுக்களைப் பெண்ணின் உழைப்பு கணக்கில் ஏறவில்லை என்று ஹன்னா மைசெல் கண்ட அதே பேரேட்டில்தான் நோயுற்ற பெண்ணுக்கும் இடமில்லாமற் போயிற்று. உழைப்பை வழிபாடாகக் கற்பித்த கோர்டன் தெகானியாவிலேயே தம் இறுதிநாள்களைக் கழித்து, 1922இல் மறைந்து, அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய மாணவிக்கு அவ்வாய்ப்புக் கிட்டவில்லை.

தெகானியாவை நீங்கிய இராகேல் பெட்டா டிக்வா, எருசலேம், சாஃபெத் என ஊர்கள் மாறினார். பாடம் சொல்லிக் கொடுத்தார், மருத்துவமனையில் கிடந்தார். 1925 அளவில் டெல் அவிவ் நகரில் தங்கினார். மாடியில் ஒரு சிறிய அறை. அவ்வாண்டில் தொழிலாளர் இயக்கத்தின் நாளேடாகத் தாவார் தொடங்கப்பட்டது. அதில் அவருடைய கவிதைகள் அடுத்தடுத்து வந்தன. வயல்களில் உழைத்தோர் அவற்றை மனப்பாடம் செய்தனர். அவரை வெளியே அனுப்பிய கூட்டுப் பண்ணைகளின் உணவுக்கூடங்களிலும் அவர் பாடல்கள் ஒலித்தன. இதில் முரண் உண்டு. ஆனால் இராகேலின் கவிதையில் பழிச்சொல் இல்லை. தெகானியாவின்மீது அவர் வழக்குத் தொடுக்கவில்லை. இழப்பைச் சொன்னார், இழக்கச் செய்தோரைச் சொல்லவில்லை.

அவர் கவிதையின் இயல்பைக் கவிஞர்கள் கருதிப் பார்த்தல் தகும். அக்காலத்து எபிரேயக் கவிதை பெருங்குரலில் பேசியது. நாடு, விடுதலை, வீரம் என்பன பாடுபொருள்கள். இளைய தலைமுறையினரோ உருவகங்களை அடுக்கிப் புதுமை செய்தனர். இராகேல் இவ்விரண்டிலும் சேரவில்லை. சில அடிகள், தெரிந்த சொற்கள், எளிய சந்தம். கவிதையில் எளிய சொல்லே தம் காலத்தின் அடையாளம் என்று ஒரு சிறு கட்டுரையிலும் அவர் வாதிட்டார். மூத்த கவிஞர்கள் கிழக்கைரோப்பிய யூதரின் பழைய உச்சரிப்பில் யாப்பை அமைத்துக்கொண்டிருக்க, இராகேல் அந்நிலத்தில் அன்றாடம் பேசப்பட்ட ஒலிப்பிலேயே எழுதினார். குழந்தைகளிடம் கற்ற மொழி யாப்பையும் மாற்றியது. அன்னா அக்மதோவாவின் கவிதைகளை அவர் எபிரேயத்தில் பெயர்த்தார் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. சொல்லடக்கத்தில் இருவரும் உறவினர்.

அவருடைய நூற்பெயர்களே ஒரு வரலாறு. முதல் நூல் 1927இல் வந்தது. அதன் பெயர் சஃபியாஹ். அறுவடையின்போது சிந்திய மணி, உழவும் விதைப்பும் இன்றி அடுத்த பருவத்தில் தானாய் முளைத்து விளையும் பயிருக்கு அம்மொழியில் உள்ள பெயர் அது. ஏழாம் ஆண்டில் நிலத்தை உழாது ஓய்வாக விடவேண்டும் என்னும் விவிலியச் சட்டத்தில் இச்சொல் வருகிறது. உழவர் மட்டுமே கருதக்கூடிய ஒரு பயிர். அவருடைய வயல் வாழ்க்கை அறுவடையாகிவிட்டது. சிந்தியதில் முளைத்தவையே கவிதைகள் என்று அவர் கருதினார் போலும். 1930இல் வந்த இரண்டாம் நூலின் பெயர், எதிரே நின்று தொலைவிலிருந்து பார்த்தல் என்னும் பொருளது. தன் மக்களை நாற்பதாண்டு வழிநடத்திய மோசே, அவர்களுக்கு வாக்களிக்கப்பட்ட நிலத்தை மலைமேல் நின்று கண்ணால் காணலாம், காலடி வைத்தல் ஆகாது என்ற விவிலியப் பகுதியிலிருந்து எடுத்தது. அம்மலையின் பெயர் நேபோ. அதுவே, அவர் மறைந்தபின் 1932இல் வந்த மூன்றாம் நூலுக்குப் பெயராயிற்று. டெல் அவிவ் நகரிலிருந்து கின்னெரெத் கரைக்கு ஒரு நாட் பயணம்கூட இல்லை. ஆயினும் அவருக்கு அது நேபோ மலைக்கு அப்பாலுள்ள நிலம்.

கின்னெரெத் நினைவுக் கவிதைகளுள் மிகப் புகழ்பெற்ற ஒன்றில் ஏக்கத்தைவிட ஐயமே மேலோங்கி நிற்கிறது. அந்த விடியல்களும் தோட்டமும் ஏரியும் உண்மையில் இருந்தனவா, தாம் கண்ட கனவா என்னும் ஐயம். தம் நாட்டுக்குத் தாம் செய்தவை மிகச் சிறியவை என்று கணக்கெடுக்கும் கவிதையும் உண்டு. வீரச் செயல் எதுவும் அக்கணக்கில் இல்லை. ஒரு மரம் நட்டவர், வயலில் நடந்தவர் என்ற அளவே அவர் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொண்டது. பிள்ளைப்பேறில்லாத ஏக்கம் வேறொரு சிறு கவிதையாயிற்று. விவிலியத்தில் மகப்பேறின்றி வருந்திய இராகேலின் பெயரைத் தாம் சுமந்தது அவருக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை.

அவர் பாடாதவை பற்றியும் ஒரு சொல். உம் ஜூனி அராபியர் வாழ்ந்த சிற்றூர். தெகானியாவின் ஏர் இறங்கிய மண்ணில் அதற்கு முன் ஏர் நடத்தியவர்கள் அராபிய உழவர்கள். நிலம் விலைக்கு வாங்கப்பட்டது உண்மை; வாங்கியவர் வேறு, விற்றவர் வேறு, உழுதவர் வேறு என்பதும் உண்மை. கூலியாளை வைக்கமாட்டோம் என்னும் உயர்ந்த கொள்கையின் மறுபக்கம், அங்குக் கூலிக்கு வந்துகொண்டிருந்தோருக்கு இடமில்லை என்பதுதான். பிற்காலத்தில் அந்நாடு கண்ட குருதிப் பெருக்கை அறிந்து இராகேலைப் படிக்கும் எவருக்கும் இம்மௌனம் கேட்கும். தம் இழப்பை அத்தனை நுட்பமாக உணர்ந்தவரின் பார்வை, அந்த வரப்பைத் தாண்டிச் செல்லவில்லை.

1931ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் இராகேல் மறைந்தார். டெல் அவிவ் நகரில் அவரைப் புதைக்கவில்லை. ஏரிக்கரைக்கே கொண்டுசென்றனர். கின்னெரெத் குடியிருப்பின் சிறிய இடுகாட்டில், நீர் தெரியும் இடத்தில் அவர் அடக்கமானார். உயிரோடு தரப்படாத இடம் அப்போது தரப்பட்டது.

தெகானியா பின்னாளில் பெரிய கூட்டுப் பண்ணையாயிற்று, ஆலையும் வைத்தது, நாட்டின் தலைவர்கள் அங்கிருந்து எழுந்தனர். முதியோரையும் நோயுற்றோரையும் பேணும் முறைகளைக் கிப்புட்ஸ் இயக்கம் காலப்போக்கில் வகுத்துக்கொண்டது. முதுமையிலும் அவரவர் ஆற்றலுக்கேற்ற வேலை தருவது அவற்றின் பெருமைகளுள் ஒன்றாயிற்று. 2007ஆம் ஆண்டில் தெகானியாவின் உறுப்பினர்கள், அனைவர்க்கும் ஒரே அளவு என்ற பழைய பங்கீட்டைக் கைவிட்டு, அவரவர் ஊதியம் அவரவர்க்கே என்னும் ஏற்பாட்டுக்கு வாக்களித்தனர். பத்தாண்டு கழித்து, 2017இல், இஸ்ரேல் அரசு வெளியிட்ட இருபது ஷெகல் பணத்தாளில் இராகேலின் உருவம் அச்சாயிற்று.

அவர் கல்லறையருகே கல்லாலான இருக்கை ஒன்று உண்டு. அதன் பக்கத்தில் ஓர் உலோகப் பெட்டி. அதனுள் அவருடைய கவிதை நூல் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருக்கும். வருவோர் எடுத்துப் படித்துவிட்டு அங்கேயே வைத்துச் செல்வர். அங்கிருந்து ஏரிக்கரையோரமாகத் தெற்கே நடந்தால் தெகானியாவின் வயல்கள்.